பத்தி நாற்பத்தேழு

நகரியில் ஏறினால் சித்தூர் போவதற்குள்
பள்ளிப்பட்டுக்காக ஒருதரம்
தமிழ்நாட்டுக்குள் நுழைந்து வெளியே வருகிற பஸ்.
போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று,
கைபேசி வரவேற்றபடி இருந்தது.
வேறு யாரும் வரவேற்கவில்லை,
மண்டப வாசலில் அட்டை கொடுத்த பையனைத் தவிர.

உரக்கப் படித்தான்:
தேசம்மா. ஆந்திரா. பிரதிநிதி முந்நூற்றுப் பதினெட்டு.
பின்னால் நின்ற பீகார்க்காரர் சிரித்தார்,
தேசத்துக்கே அம்மாவா என்கிற மாதிரி.
இல்லைங்க, எங்க ஊர் எல்லையில நிக்கிற சாமி.
ஆடு கேட்பா. தேசமெல்லாம் கேட்க மாட்டா.
யாரும் மொழிபெயர்க்கவில்லை. நல்லதாப் போச்சு.

கல்யாண மண்டபம்தான்.
மணமேடை இருந்த இடத்தில் பதினைந்து நாற்காலி,
மேலே நீளத் துணியில் அகில இந்திய மாநாடு.
தூணில் போன முகூர்த்தத்தின் தெர்மோகோல்
'ஹரிணி வெட்ஸ்' வரை மிச்சம்.
மாப்பிள்ளையைக் கிழித்துவிட்டார்கள்.

பை, பேனா, எண்பத்துநாலு பக்க வரைவு,
காதில் மாட்ட ஒரு கருவி.
ஒன்றில் இந்தி, இரண்டில் இங்கிலீஷ், மூன்றில் தெலுங்கு.
மூன்றை வைத்தேன். உலக நெருக்கடி
ஒரு பெண்ணின் குரலில் நிதானமாக வந்தது.
நடுவில் இருமியது.
மேடையில் பேசியவர் இருமவில்லை.

எனக்கு உலகம் வேண்டாம், பத்தி நாற்பத்தேழு போதும்.
'பருவத் தொழிலாளர்க்குப் பணிக்காலத்தில்
மருத்துவக் காப்பீடு.'
அந்தப் 'பணிக்காலத்தில்' போகவேண்டும்
என்று எழுதிக் கொடுத்திருந்தேன்.
ஒரே ஒரு சொல்.

மூன்று நிமிடம், மணி அடிக்கும் என்றார்கள்.
நடுக்கூடத்து மைக்கில் தெலுங்கில் தொடங்கினேன்:
மாங்கூழ் பாக்டரி. மே கடைசியில் திறப்பான்,
ஆகஸ்டுக்குள் பூட்டு.
தோத்தாபுரிப் பால் பட்ட கை
செப்டம்பரில்தான் உரியும்.
அப்போ யாருகிட்ட காட்ட?
கணக்கு வந்ததும் வாய் தானாகத்
தமிழுக்குப் போய்விட்டது. வீட்டில் எண்ணுவது அதில்தான்.
முப்பத்தாறு பேர், ஒரு ஷெட்டு,
ஷிப்டுக்கு இத்தனை டன், இத்தனை கத்தி,
காயத்துக்குத் துணி நாமே கொண்டுபோகணும்.
அத்தனை காதுக்கருவியும் ஒரேயடியாக ஊமை.
கண்ணாடிப் பெட்டிக்குள் மூன்றாம் எண் பெண்
என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
மணி அடித்தது.

தலைவர் கனிவாகக் கேட்டார்:
தோழரின் உணர்வை மதிக்கிறோம்.
திருத்தத்தைத் திரும்பப் பெறுகிறீர்களா?
எனக்கு முன் ஒன்பது பேர் பெற்றிருந்தார்கள்,
ஒவ்வொன்றுக்கும் கைதட்டல்.
மொய் மாதிரி அது, எழுதிவிட்டுப் போகவேண்டியது
என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை.
ஜில்லா செயலாளர் குருவய்யா
முன்வரிசையிலிருந்து திரும்பி
உள்ளங்கையைக் கீழே அழுத்திக் காட்டினார். உட்காரு.

இல்லைங்க, இருக்கட்டும் என்றேன்.
ஓட்டுக்கா?
ஓட்டுக்கு.

மண்டபம் தொண்டையைச் செருமியது.
ஆதரித்து: திரும்பி நானே எண்ணினேன், என்னோடு ஏழு.
ஒருவர் தூக்கத்தில் தூக்கியது, அதையும் சேர்த்து.
எதிர்த்து: கரும்புக்காடு.
எண்ணிக்கை அறிவிக்கவில்லை.
தோற்றது என்று மட்டும்
மூன்று மொழியிலும் கேட்டது.

ஏழில் ஒருத்தி அசாம், தேயிலைத் தோட்டம்.
நான் பேசியதில் ஒரு சொல்கூடப் புரிந்திருக்காது.
பந்தியில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள்
என் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
பிறகு தன் கையை இலையோரம் விரித்துவைத்தாள்.
ரசம் கொண்டுவந்தவன்
கையை எடுங்கம்மா, கையை எடுங்க என்றான்.

ராத்திரி பஸ்ஸில் குருவய்யா
இரண்டு சீட்டு முன்னால். ஒரு பேச்சில்லை.
பள்ளிப்பட்டில் இறங்கி டீ வாங்கினார். இரண்டு.
ஒன்றை ஜன்னல் வழியாக நீட்டி,
டிரைவரைப் பார்த்தபடி தெலுங்கில் கேட்டார்:
எத்தனை வந்தது?
ஏழு.
சரியா எண்ணலை நீ.

டீயில் சர்க்கரை தூக்கல்.
கைபேசி மறுபடி வரவேற்றது.
அவர் முன்வரிசையில் இருந்தார்.
நான் மைக்குக்குப் பின்னால் மட்டும்தான்
எண்ணியிருந்தேன்.